கடல் தள்ளிப் போன துறைமுகம்

மலாக்கா ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெரிய மரக்கப்பல் ஒருநாளும் கடலில் மிதந்ததில்லை. தரையிலேயே கட்டி, தரையிலேயே நிறுத்தி, 1994இல் கடல்சார் அருங்காட்சியகம் என்று திறந்துவிட்டார்கள். ‘புளோர் டி லா மார்’ என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. அசல் கப்பலின் கதை வேறு. 1511 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க், இங்கே வாரியதையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சுமத்ரா கரையோரம் புயலில் சிக்கிச் சரக்கோடு கடலுக்குள் போய்விட்டது கப்பல். ஊரைச் சூறையாடியவரின் கப்பலுக்கு ஊரே மாதிரி கட்டி, டிக்கெட் போட்டு ஆளை ஏற்றுகிறது. இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வராத நாள் இல்லை. அந்தத் துறையில் அன்று சரக்கு வைத்திருந்தவர்களில் நம்மவர்களும் உண்டே.

எங்கள் ஊரான குருபோங் கடற்கரை ஊர் இல்லை. ரப்பர் இருந்தது, செம்பனை வந்தது, இப்போது தொழிற்பேட்டையும் தாமான் வீடுகளும். ஆனால் மோட்டாரை எடுத்தால் அரைமணி நேரத்துக்குள் ஆற்றுமுகம். கோலாலம்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ உறவுக்காரர்கள் வந்தால் அங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறோம். சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், அந்தக் கப்பல் எல்லாம் பார்த்து முடித்த பிறகு யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: “மலாக்காத் துறைமுகம்னு சொல்றாங்களே, அது எங்கப்பா இருக்கு?” பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் கேட்கிற நியாயமான கேள்விதான். சுற்றுமுற்றும் பார்த்தால் ஹோட்டல், கார் நிறுத்துமிடம், பேரங்காடி, சுற்றுலாப் படகுக்கு நிற்கும் வரிசை. துறைமுகத்தைக் காணோம்.

இருந்தது. எப்படி இருந்தது என்பதை நமக்கு விரிவாக எழுதிவைத்தவரும் ஒரு போர்த்துகீசியர்தான். தோமே பீரஸ், மருந்து வியாபாரி. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்தவர். கணக்குப்பிள்ளை புத்தி உள்ள ஆள். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, என்ன விலை, என்ன தீர்வை என்று ஒன்றையும் விடாமல் குறித்திருக்கிறார். இந்தத் துறையில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று எண்ணிச் சொன்னவர் அவரே. சுல்தான்கள் காலத்து மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள். குஜராத்திகளுக்கு ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து போன கிளிங்குகள், வங்காளத்தார், பெகு, பாசாய் ஆட்கள் இவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒருவர். ஜாவா, மலுக்குத் தீவுகள் பக்கத்தாருக்கு ஒருவர். சீனர், சம்பா, ரியுக்யுக்காரர்களுக்கு இன்னொருவர். மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு நூற்றுக்கு ஆறு தீர்வை. கிழக்கிலிருந்து வருகிறவர்கள் தீர்வைக்குப் பதிலாக அன்பளிப்பு கொடுத்தால் போதும்.

இத்தனை பேர் ஒரே சின்ன ஆற்றுமுகத்தில் கூடியதற்குக் காரணம் காற்று. இந்தியாவிலிருந்து கப்பல்கள் ஒரு பருவக்காற்றில் வரும். சீனக் கப்பல்களுக்கு அதற்கு நேர் எதிரான காற்று வேண்டும். யாரும் ஒரே வீச்சில் முழுத் தூரமும் போக முடியாது. நடுவில் ஓரிடத்தில் சரக்கை இறக்கி, மாற்றிக்கொண்டு, காற்று திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நடு இடம் மலாக்கா. காத்திருக்கிறவனுக்குத் தங்க வீடு, சரக்குக்குக் கிடங்கு, கும்பிடக் கோயில், தொழப் பள்ளிவாசல். ஒடுங்கிய அந்த ஆற்றங்கரைச் சந்துகளில் இன்றும் இந்து, சீன, முஸ்லிம் வழிபாட்டிடங்கள் மூன்றும் நடந்து போகிற தூரத்தில் இருப்பது ஏதோ ஒற்றுமைத் திட்டத்தில் அமைத்ததல்ல, காற்றுக்காகக் காத்துக் கிடந்ததில் விளைந்தது.

நம்மவர்கள் கொண்டு போனது துணி. பழவேற்காடு, நாகப்பட்டினம் பக்கத்து நெசவு. கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற தீவுகளில் காசைவிடத் துணிக்குத்தான் மதிப்பு. துணி கொடுத்து வாசனைப் பொருள் வாங்குவார்கள். அது மலாக்கா வழியாகக் குஜராத்துக்கும், அங்கிருந்து செங்கடலுக்கும், அலெக்ஸாந்திரியாவுக்கும், கடைசியில் வெனிஸுக்கும் போய்ச் சேரும். மலாக்காவைப் பிடித்தவன் கையில் வெனிஸின் உயிர்நாடி இருக்கிறது என்கிற பொருளில் பீரஸ் எழுதினார். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சமையல்காரர் கிராம்பு போதவில்லை என்று முணுமுணுத்தால் அதற்கான காரணம் இந்தச் சேற்று ஆற்றுமுகத்தில் இருந்த காலம் அது.

நைனா சாத்து என்று போர்த்துகீசியர் பெயர் எழுதிவைத்த கிளிங்கு வணிகர் அப்போது இங்கே பெரிய ஆள். சுல்தான் பிடித்து வைத்திருந்த போர்த்துகீசியக் கைதிகளுக்கு உதவி செய்தார். ஊர் கைமாறியதும் அல்புகர்க் அவரைப் பெண்டஹாராவாக, அதாவது உள்ளூர் மக்களுக்குத் தலைவராக, ஆக்கினார். பர்மாப் பக்கம் பெகுவுக்குப் போன போர்த்துகீசியக் கப்பலிலும் சாத்துவின் முதலீடு உண்டு. மூன்றே ஆண்டில், 1514இல், பதவி இன்னொருவருக்குப் போனது. அந்த அவமானத்தைத் தாங்காமல் சாத்து சிதை மூட்டி அதில் இறங்கிவிட்டார். அவரைத் துரோகி என்பவர் உண்டு. கெட்டிக்கார வியாபாரி என்பவரும் உண்டு. வியாபாரிக்கு எந்தக் கொடி பறக்கிறது என்பதைவிடத் துறை திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதில்தான் அவர் கணக்குத் தப்பியது என்று நினைக்கிறேன். துறை திறந்தேதான் இருந்தது. நாலு ஷாபந்தர் ஏற்பாடும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற நம்பிக்கையும்தான் போய்விட்டன. கப்பல்கள் ஆச்சே, ஜொகூர், பந்தேன் என்று வேறு வாசல் தேடிக்கொண்டன.

1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பத்தேவியாதான் தலைநகரம். மலாக்கா காவலுக்கு வைத்த ஊர். 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் எழும்பிய பின் மலாக்காவுக்கு மிஞ்சியது பெயர் மட்டும். ஆறு மண் மூடிக்கொண்டே வந்தது, கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. நீராவிக் கப்பல் காலத்தில் அவை வெகுதூரம் தள்ளி ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்காங் படகுகள் இங்கிருந்து போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும்.

எங்கள் தோட்டத்துக் கதை இந்த இடத்தில்தான் நுழைகிறது, அதுவும் பின்வாசல் வழியாக. மலாயாவில் முதன்முதல் வியாபார நோக்கில் ரப்பர் நட்டது மலாக்காவில்தான்: 1896இல் தான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில். பிறகு பால்மரம் மாநிலம் முழுக்கப் பரவியது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் கட்டினார்கள். அந்த ஆட்கள் யாரும் மலாக்காத் துறையில் கால் வைத்ததாகத் தெரியவில்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறிய கப்பல் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும்தான் இறக்கியது. அங்கே தனிமைப்படுத்தும் முகாம், மருந்து, கணக்கு; அப்புறம் ரயில். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905இல் போட்ட கிளைப்பாதை அவர்களைத் தோட்டங்களுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. அதற்கு நானூறு ஆண்டுக்கு முன் சோழமண்டலத்தார் முன்வாசலில் கப்பலைக் கட்டினார்கள். அதே கரையிலிருந்து கிளம்பிய எங்கள் தாத்தாமார்கள் அதே ஊருக்குள் மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். முதலில் வந்தவர்கள் துணி வியாபாரி, அடுத்து வந்தவர்கள் துணிமூட்டையோடு வந்த கூலி. இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் சரியாகச் சந்தித்துக்கொள்ளவே இல்லை. கஜா பேராங்கில் இருக்கிற மலாக்கா செட்டிகள் மலாயில் பேசி, சிவனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். தோட்டத்தார் அவர்களை வேடிக்கையாகப் பார்த்தார்கள். அவர்களும் தோட்டத்தாரை அப்படியேதான் பார்த்திருப்பார்கள்.

அந்த ரயில் பாதையும் நிலைக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தம்பின்-மலாக்கா தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனான். தண்டவாளமும் போனது, அதைப் போடத் தோட்டங்களிலிருந்து ஆளும் போனார்கள். தண்டவாளம் திரும்பி வரவே இல்லை. ஆள் திரும்பிய வீடுகள் இருந்தன, திரும்பாத வீடுகள் அதிகம் இருந்தன.

பழைய ஆற்றுமுகத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தாமான் முனையிலுள்ள சாப்பாட்டுக் கடையில் காலையில் ரொட்டி சானாய்க்கு வருகிற ஒரு பெரியவர் முன்பு லோரியில் உதவியாளாக ஓடியவர். ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு பட்டணத்துத் தவுக்கே கிடங்குக்குப் போவாராம். அவர் பேச்சில் கப்பல் எதுவும் வராது, மரக்கரி வரும்.

“சுமத்ராக்காரன் படகு வரும் தம்பி. முன்னும் பின்னும் தூக்கி நிக்கும், மரப்படகு. பூரா மரக்கரியும் பக்காவ் கட்டையும். கரைக்கும் படகுக்கும் நடுவுல ஒத்தப் பலகைதான். அதுல ஆளு கூடையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவான். நடக்க மாட்டான், ஓடுவான். நடந்தா பலகை ஆடும். ஒவ்வொரு நடைக்கும் கணக்குக்காரன் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பான். சாயங்காலம் குச்சியை எண்ணிக் காசு.”

“தமிழாளுங்க இருந்தாங்களா தாத்தா, அந்த வேலையில?”

“ஒண்ணு ரெண்டு பேரு. சீனன், மலாய்க்காரன், பூகிஸு, எல்லாம் கலந்துதான். கரித்தூள்ல எல்லா மூஞ்சியும் ஒரே கலரு. யாருன்னு எப்படிச் சொல்றது?”

அவர் சொன்ன பலகையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆற்றின் நாற்றம் எனக்குத் தெரியும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றில் பாதி சேறாகக் கிடக்கும். கடைகளின் பின்பக்கத்துச் சாக்கடையெல்லாம் அதில்தான் கலக்கும். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது சிறுபிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அன்றைய துறைமுகத்தை இன்று நினைத்து உருகுகிறவர்கள் அந்த நாற்றத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். குச்சி எண்ணிக் கூலி வாங்கியவரிடம் போய் “அந்தக் காலம் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால், அவர் முதலில் தோள்பட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

கடலைத் தள்ளிவிட்டதுதான் பெரிய மாற்றம். பழைய ஹீரன் தெரு, இப்போதைய ஜாலான் துன் தான் செங் லோக். அதன் கடல் பக்கத்து வரிசையில் பெரிய பெரிய பாபா வீடுகள். அவற்றின் பின்வாசல் கடலுக்குத்தான் திறந்தது. இன்று பின்வாசலைத் திறந்தால் சாலை, அதற்கு அப்பால் கோத்தா லக்சமானாவின் கடைவரிசை. எல்லாம் மண் கொட்டி எழுப்பிய தரை. 1956 பிப்ரவரி 20இல் துங்கு அப்துல் ரகுமான் சுதந்திர நாளை அறிவித்த திடல் கடற்கரைத் திடல். இப்போது அது டத்தாரான் பஹ்லவான் பேரங்காடியின் தலைமேல் இருக்கிற புல்வெளி. அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மலாக்கா ராயாவின் கட்டடங்களை எல்லாம் தாண்டிப் போக வேண்டும். கோட்டை வாசலில் நிற்கிற பீரங்கிகளின் குறி இப்போது ஒரு சாலையும் சில கடைகளும்.

2006இல் சுற்றும் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது கீழே பழைய சுவர் தட்டுப்பட்டது: டச்சுக்காரர்களின் மிடில்பர்க் கொத்தளம். ஆற்றுமுகத்தைக் காவல் காக்கக் கட்டியது. கோபுரத்தை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுக் கொத்தளத்தைத் திரும்ப எழுப்பினார்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் பிடித்த இடம் அதுதான். மேலே நின்றால், இந்தச் சுவரின் அடியை அலை நனைத்திருக்கும் என்ற கணக்கு ஒருவாறு புரியும். மரக்கப்பலைவிட அந்தக் கல்சுவர் துறைமுகத்தை நேர்மையாகக் காட்டுகிறது.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனோடு சேர்த்து மலாக்காவை உலக பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்தது. அந்த ஆண்டுகளை ஒட்டி ஆற்றையும் சீராக்கினார்கள். கரைகளைக் கல்லால் கட்டினார்கள், நடைபாதை போட்டார்கள், வீடுகளின் முதுகில் வண்ண ஓவியம் வரைந்தார்கள், முகத்துவாரத்துக்கு அருகே கதவணை வைத்து நீர்மட்டத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். இப்போது ஆறு எந்நேரமும் நிரம்பித்தான் இருக்கிறது. சேறு வெளியே தெரிவதில்லை, நாற்றமும் இல்லை. சுற்றுலாப் படகு முக்கால் மணி நேரத்தில் கம்போங் மோர்த்தன் பக்கம் போய்த் திரும்புகிறது. படகை ஓட்டுகிறவர்களும் டிக்கெட் கிழிக்கிறவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். கூலி, குச்சியால் எண்ணியதைவிட எவ்வளவோ மேல். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் ஒன்று: அந்த ஆற்றில் போகிற படகுகளில் ஒன்றாவது எதையாவது ஏற்றிக்கொண்டு போனால் நன்றாக இருக்கும். எல்லாம் ஆளை ஏற்றி, புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிடுகின்றன. சுமத்ராவின் துமாய்க்குப் போகிற பெர்ரி மட்டும் விதிவிலக்கு. சுமத்ராக்காரர்கள் பெட்டியும் பையுமாக இறங்குவார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்கள், சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர்கள். சுற்றுலாக் கூட்டம் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஐநூறு ஆண்டுக்கு மேலாக மலாக்கா செய்து வந்த வேலை, அதாவது நீரிணைக்கு அக்கரையில் உள்ளவனுக்கு இக்கரையில் காரியம் நடத்திக் கொடுப்பது, அந்தப் பெர்ரி வரிசையில்தான் மிச்சம் இருக்கிறது.

கடலோடிகளின் தெய்வமும் இங்கே கடலைப் பார்க்கப் போவதில்லை. டச்சுக்காரர் காலத்தில், 1781இல், மலாக்கா செட்டிகள் எழுப்பியது பொய்யாத விநாயகர் கோயில், ஜாலான் துக்காங் எமாஸில். இன்று நிர்வாகம் நாட்டுக்கோட்டை நகரத்தார்களிடம். தமிழ்நாட்டுக் கரையூர்களில் மாசிமகம் என்றால் சாமி கடலாடப் போகும். மலாக்காவில் மாசிமகத்தன்று அந்தக் கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு வருகிறார்: செங், சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு. அதாவது எங்கள் பக்கம். குருபோங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருந்தவர்கள் காவடியோடு போகிற இடம் அது. துறைமுகத்து வணிகர் வீட்டுச் சாமியும் தோட்டத்துச் சனமும் வருடத்தில் ஒருநாள் அந்தக் குன்றடியில் சந்தித்துக்கொள்கிறார்கள். வேறு எங்கும் நடக்காத சந்திப்பு அங்கேயாவது நடக்கிறதே என்று சந்தோஷம்.

சரி, வேலை செய்கிற துறை எங்கே இருக்கிறது? தெற்கே கொஞ்சம் போனால் ஊஜோங் பாசிர், போர்த்துகீசியக் குடியிருப்பு. இரண்டு பாதிரியார்களின் முயற்சியால் 1930களில் மீனவக் குடும்பங்களுக்காக எழுந்த இருபத்தெட்டு ஏக்கர் ஊர். போர்த்துகீசியக் கலப்பு மொழியான கிறிஸ்தாங் பேசுகிறவர்கள். ஆண்டவனுக்கு அடுத்தபடி அவர்களுக்குப் புனித பேதுரு. ஜூன் 29 அவர் திருநாள். அவரும் மீனவர்தானே. அன்று படகுகளையெல்லாம் வண்ணம் பூசி, தோரணம் கட்டிப் பாதிரியாரிடம் ஆசி வாங்குவார்கள். கூட்டம் அப்போது நெரியும். நான் கூட்டமில்லாத நாளில் போவதுதான் வழக்கம்.

அப்படிப் போன ஒருநாள், கல்வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு முதியவர் லங்கியாங் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நீண்ட மூங்கில் கழிகள், ஒரு முனையில் குறுக்காகச் சேர்த்துக் கட்டியவை; மறுமுனை விரிந்து கிடக்கும். நடுவே கொசுவலை மாதிரி நெருக்கமான வலை. மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, கழி சேர்கிற இடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, விரிந்த வாயைத் தரையில் உரசியபடி தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அகப்படுவது கெராகோ, நகக்கண் அளவுச் சின்ன இறால். அதில் ஈரச்சோறும் உப்பும் கலந்து போத்தலில் அடைத்துச் சில நாள் வைத்தால் சின்சாலோக். காயவைத்து இடித்தால் பிளாச்சான். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்த சின்சாலோக் இருந்தால் எங்கள் வீட்டில் அன்று குழம்பு மிஞ்சும்.

வலையில் ஒரு கை அகலத்துக்குக் கிழிசல். அந்த இடத்தில் பச்சை நைலான், மற்ற இடமெல்லாம் நீலம். ஊசி மூங்கிலில் சீவியது. அதன் தலை விரல்பட்டுப் பட்டுத் தேன் நிறத்தில் மின்னியது. முடிச்சு ஒவ்வொன்றையும் கட்டைவிரலில் அளந்து போட்டார். பேசும்போது கை நிற்கவில்லை. நான் கேட்டது பிடிக்காவிட்டால் மட்டும் நின்றது.

“அங்கிள், இப்ப இறால் எப்படி?” மலாயில்தான் கேட்டேன்.

“இருக்கு. முன்னால இறால் நம்மகிட்ட வந்துச்சு. இப்ப நாம இறாலைத் தேடிப் போகணும்.”

“ஏன்?”

கை நின்றது. தாடையால் எதிரே காட்டினார். எதிரே கடலில் கொட்டிய மண். “இறாலுக்குச் சேறு வேணும். அடியில மெத்துனு இருக்கணும். மண்ணைக் கொட்டிட்டா அங்க ஹோட்டல்காரன்தான் வருவான், இறால் வராது.”

மலாக்கா கரையோரத்தில் மண் கொட்டும் திட்டங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. 2014இல் மலாக்கா கேட்வே என்று தீவுகளும் துறைமுகமும் சேர்ந்த பெருந்திட்டம் ஒன்று தொடங்கியது. 2020இல் மாநில அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. திட்டம் நடந்தாலும் நின்றாலும் கொட்டிய மண் கொட்டியதுதான். லங்கியாங் தள்ளுகிறவனுக்குத் தேவை மார்பளவு ஆழமும் வழுக்குகிற சேறும். அந்த இரண்டும் ஒரு வரைபடத்திலும் மதிப்புள்ள நிலமாகக் குறிக்கப்படுவதில்லை.

இதோடு ஒப்பிட இன்னோர் ஊர் உண்டு: மால்டா தீவில் மார்சாஷ்லோக் என்ற சின்னத் துறை. சுற்றுலா அட்டைகளில் அடிக்கடி வரும் படம்: நீலம், மஞ்சள், சிவப்பு பூசிய ‘லுட்சு’ படகுகள், முகப்பின் இருபுறமும் எழுதிய கண்கள். யாழ்ப்பாணத்துத் தோணிகளுக்கும் அப்படிக் கண் எழுதும் வழக்கம் இருந்தது. மார்சாஷ்லோக்கில் ஞாயிற்றுக்கிழமை மீன்சந்தை. சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸில் வந்து குவிகிறார்கள். அதே விரிகுடாவில் பெரிய கொள்கலன் துறைமுகமும் மின்நிலையமும் உண்டு. படம் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஊரும் சிக்கலில்லாத ஊர் இல்லை. ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவனையும் வலை போடுகிறவனையும் ஒரே கரையில் வைக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. வந்தவன் அங்கே படகைப் படம் பிடிப்பதோடு நிற்பதில்லை, அந்தப் படகு கொண்டு வந்த மீனையும் வாங்குகிறான்.

எங்கள் மலாக்காவில் இந்த இரண்டையும் பிரித்து வைத்துவிட்டோம். பார்க்கிற துறை ஆற்றுமுகத்தில். உழைக்கிற துறை ஊஜோங் பாசிரிலும், உம்பாயிலும், கோலா லிங்கியிலும் ஒதுங்கிக் கிடக்கிறது. உம்பாய்க்காவது சுட்ட மீன் சாப்பிடக் கூட்டம் போகிறது. மற்ற இடங்களில் படகு வந்து நிற்பதைப் பார்க்கவும் ஆளில்லை. என்னைக் கேட்டால், ஆற்றுமுகத்தில் அந்த மரக்கப்பலின் நிழலிலேயே பத்து மீன்படகுக்கு இடம் ஒதுக்கி, காலையில் மீன் விற்க விடலாம். கொஞ்சம் நாறும்தான். துறைமுகம் என்றால் கொஞ்சம் நாறாமல் எப்படி? விருந்தாளிகள் “துறைமுகம் எங்கே?” என்று கேட்கும்போது விரல் நீட்டிக் காட்ட எனக்கும் ஓர் இடம் இருக்கும்.

இதை முதியவரிடம் சொன்னேன். சிரித்தார். “அங்க ஒரு மாசத்துக்கு எவ்வளவு வாடகை கேப்பான் தெரியுமா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்சாலோக் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் கடலுக்குப் போகிறார்களா என்று கேட்டதற்கு, பெரியவனுக்குத் துறைமுகத்தில்தான் வேலை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எந்தத் துறைமுகம் என்றால், சிங்கப்பூர். கிரேன் ஓட்டுகிறான், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். சின்னவன் வீட்டில் சும்மா இருக்கிறான்.

நான் எந்த ஊர் என்று கேட்டார். குருபோங் என்றேன். வலையைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “அங்க பேக்டரியில ஆள் எடுக்கிறாங்களா? ராத்திரி ஷிப்டுனாலும் பரவாயில்ல.”

எடுப்பார்கள் அங்கிள், வாசல் கேட்டிலேயே போர்டு தொங்கும், ஐசியும் ரெண்டு போட்டோவும் கொண்டுவரச் சொல்லுங்க என்றேன். போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். சின்சாலோக்குக்கு மீதிச் சில்லறை தர மறந்தே போனார், நானும் கேட்கவில்லை.